பழைய சாமான் அறை

காஃப்காவைப் பற்றி டெலூஸும் கத்தாரியும் சேர்ந்து எழுதி 1975-ல் வெளிவந்த புத்தகத்தைப் படித்தபின் 'விசாரணை' எனக்கு வேறு நாவலாகிவிட்டது. அதற்குமுன், 1925-ல் அதைப் பதிப்பித்த மாக்ஸ் ப்ராட் காட்டிய வழியில்தான் படித்திருந்தேன்: எட்டாத தெய்வ நீதி, காரணம் தெரியாத பாவம். சட்டம் எங்கோ உயரத்தில் இல்லை, அடுத்த அறையில் இருக்கிறது என்கிறார்கள் இவர்கள். ஓவியன் டிட்டொரெல்லியின் கட்டிலுக்குப் பின்னுள்ள கதவைத் திறந்தால் கோர்ட் ஆபீஸ். அறையிலிருந்து அறைக்கு நகர்வதே நாவலின் இயக்கம். அதை ஓட்டுவது இச்சை. குற்ற உணர்வு அதன் மேற்பரப்புச் சலனம் மட்டுமே. முதல் அத்தியாயத்தை நண்பர்களுக்கு வாசித்தபோது காஃப்கா அடக்கமாட்டாமல் சிரித்தார் என்று ப்ராட் எழுதியிருப்பதும் இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆனால் ஒரு கதவு என்னை நிறுத்திவிட்டது. ஜோசப் கே. வங்கி அதிகாரி. ஒரு மாலை, வங்கியிலேயே பழைய சாமான் அறையிலிருந்து முனகல் கேட்டுத் திறக்கிறான். தன்னைக் கைது செய்ய வந்த காவலர் இருவரும் உள்ளே சாட்டையடிக்கு நிற்கிறார்கள். கோர்ட்டில் அவர்களைப் பற்றிப் புகார் சொன்னவன் அவன்தான். அலறல் கேட்டு வந்த சிப்பந்திகளிடம், முற்றத்தில் நாய் ஊளையிட்டது என்கிறான். மறுநாள் திறந்தால் அதே காட்சி. கதவை அறைந்து சாத்திவிட்டு, அறையைச் சுத்தம் செய்யச் சொல்கிறான். நாளைக்குச் செய்கிறோம் என்கிறார்கள். தலையாட்டுகிறான்.

நானும் வங்கிக் குமாஸ்தா. வவுச்சர் கட்டு ஒன்று காணாமல் போனதற்கு ஒரு பியூனின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுதியது பொய்யில்லை. அவருக்கு மெமோ வந்தது. பிறகு இன்கிரிமெண்ட் நின்றது. பல மாதங்கள் ரெக்கார்டு ரூமுக்கு நான் போகவில்லை. வேறு ஆளை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்தடுத்த அறைகள் என்ற கருத்து கிடைத்திராவிட்டால் நாவலின் இந்த அறையைக் கவனிக்காமலே தாண்டியிருப்பேன். அந்த வகையில் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கடன்பட்டவன். குற்ற உணர்வை அவர்கள் மேற்பரப்புக்குத் தள்ளும்போது மட்டும் கூடப்போக முடியவில்லை. நான் சொல்வது ப்ராடின் பாவமும் இல்லை. புகார் சொன்னது யார் என்ற சின்ன விஷயம். நாவல் கே.யை இரண்டு முறை அந்தக் கதவுக்குக் கூட்டி வருகிறது. இரண்டாம் முறை அவன் கதவைச் சாத்துவதற்கு, இச்சை என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை.