ஒரு நூல் இடைவெளி

மதரஸாவில் பிக்ஹுப் பாடம் நடத்துகையில் ‘இஸ்திஸ்னாஃ’ என்னும் பகுதியை ஆண்டுதோறும் விளக்கி வருகிறோம். இன்ன பொருளை இன்ன அளவில் செய்து தருக எனக் கைவினைஞரிடம் சொல்லிச் செய்விக்கும் ஒப்பந்தம் அது. கைவசம் இல்லாத பொருளை விற்றல் கூடாதென்பது பொதுவிதி; எனினும் மக்களின் தேவையையும் வழக்கத்தையும் கருதி ஹனபி இமாம்கள் இதனை ஆகுமாக்கினர். இவ்வளவும் அறிந்த நாம், எமது இல்லத்திற்கு ஓர் அலமாரி செய்வித்தபோது அப்பாடத்தில் தவறினோம்.

தந்தையார் விட்டுச்சென்ற கிதாபுகளுக்கென முதலில் கடை அலமாரி ஒன்றை ரூ. 6,000 கொடுத்து வாங்கினோம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. இரண்டு மழைக்காலங்களில் ஈரம் ஏறி உப்பிற்று; தப்ஸீர் நூல்களின் பாரம் தாங்காமல் தட்டுகள் வளைந்தன. பிறகே ஆசாரியாரை அழைத்தோம். தேக்கு 5 கன அடிக்கு ரூ. 20,000, கூலி ரூ. 15,000 என்றார். இசைந்தோம்.

வேலை முடிந்ததும் அளந்து பார்த்தோம். 4 கன அடியே தேறியது. “மீதி எங்கே?” என வினவினோம். மூலையில் குவிந்திருந்த சீவலையும் துண்டுகளையும் காட்டினார். வாளுக்கும் இழைப்புளிக்கும் ஒரு பங்கு உண்டென்பதை நாம் எண்ணவில்லை. அடுத்து, கதவுகள் சேருமிடத்தில் ஒரு நூல் இடைவெளி கண்டோம். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அது.

“மழைக்கு மரம் விரியும், அஜரத்து. இடம் விடத்தான் வேண்டும்” என்றார்.

குறையை மறைக்கும் சொல்லெனக் கருதிக் கூலியில் ரூ. 2,000 பிடித்துக்கொண்டோம். அவர் வாதாடவில்லை, உளிகளைப் பையில் இட்டுக்கொண்டு போனார்.

அது சித்திரை. ஐப்பசியில் மழை பிடித்தது. மதரஸாவின் கதவு இறுகித் திறக்க மறுத்தது. எமது அலமாரியின் இடைவெளியோ மயிரிழையாய்க் குறுகியிருந்தது. கதவுகள் ஓசையின்றி மூடின. நடுப்பலகைகளை ஆணியால் இறுக்காமல் சட்டத்தின் காடியில் நிறுத்தியிருந்ததன் காரணமும் அப்போதே விளங்கியது.

உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணிக்கும் நபிமொழியை மாணவர்க்கு மனனம் செய்விப்பவர் நாம். அவர் வியர்வை உலர்ந்து ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. மறுநாள் காலையில் பணத்துடன் அவர் இல்லம் சென்று பிழை பொறுக்க வேண்டினோம். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “தட்டு வளையவில்லையே?” என்று மட்டும் கேட்டார்.

பாடம் சொல்லும் நாழிகையை மட்டும் எண்ணி எமக்கு ஊதியம் அளந்தால் மனம் நோவோம். ஓதிய ஆண்டுகளைக் கருதவில்லையே என்போம். ஆசாரியாரிடம் நாம் அளந்ததோ மரத்தை மட்டுமே. வரப்போகும் மழையைச் சித்திரையிலேயே அறிந்திருந்த அவரது இல்முக்கும் அந்த ரூ. 15,000த்தில் விலை இருந்தது. இப்போது அப்பாடத்தை நடத்தும்போது, மாணவரை அலமாரியருகே அழைத்துவந்து அந்த இடைவெளியைக் காட்டுகிறோம்.