கூரைக் கண்ணாடி

ஏரோப்ளேனுக்கு அடிக்கிற டோப்பின் வாசனை தெரியுமா உங்களுக்கு? நகச்சாயப் புட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே, கிட்டத்தட்ட அதே ஜாதி. ஆனால் ஒரு ஹேங்கர் முழுக்க, மீனம்பாக்கத்து மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே போக்கிடமில்லாமல் தங்கிவிட்ட வாசனை. அதோடு கிரீஸ் நெடி, தையல்கார பாயின் அத்தர், தூக்குவாளியைத் திறந்தால் பெரியம்மாவின் வத்தக்குழம்பு, எல்லாம் கலந்துதான் எனக்கு அந்தக் கோடை லீவு. டோப் சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதால் அங்கே பீடிக்குத் தடை, ஆளாளுக்கு வெற்றிலைதான். வாயில் சாறு நிறைந்திருக்கும்போது பெரியப்பா புருவத்தாலேயே ஸ்பேனர் கேட்பார். நானும் சரியானதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஃபிளையிங் கிளப்பில் அவர் மெக்கானிக். பழகுகிறவர்கள் ஓட்ட பெங்களூரு எச்.ஏ.எல்.லில் செய்த புஷ்பக் விமானங்கள் இருந்தன. ஹேங்கரின் மூலையில், எப்போதும் ஏதாவது ஒரு பாகம் கழன்ற நிலையில், ஒரு பழைய ஆஸ்டர். இங்கிலாந்தில் லெஸ்டருக்குப் பக்கத்தில் ரியர்ஸ்பி என்ற ஊரில் பிறந்தது. உலகப் போரில் பீரங்கிக் குண்டு எங்கே போய் விழுகிறது என்று மேலிருந்து பார்த்துச் சொன்ன வம்சம். உள்ளே இரும்புக் குழாய், மரக்கட்டை; வெளியே துணி. ஏரோப்ளேனைத் துணியில் செய்வார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னேன், ஒருத்தியும் நம்பவில்லை. பாய் மிஷினில் ஓட்டி, மெழுகு நூலால் இறக்கையின் விலாக்களோடு சேர்த்துத் தைத்து, அதன்மேல் டோப்பைக் கோட் கோட்டாக அடித்தால், காயக் காயத் துணி இறுகித் தவில் தோல் மாதிரி ஆகிவிடும். நான் போகிற போக்கில் ஒரு தட்டு தட்டாமல் போகமாட்டேன். காற்றில் ஈரம் இருக்கிற நாளில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும் என்று, மேகம் கறுத்தாலே பாய் டோப் டப்பாவை மூடிவைத்துவிட்டு டீக்குக் கிளம்பிவிடுவார்.

அந்த ஆஸ்டரின் கூரைதான் அந்த லீவில் எங்கள் வேலை. எங்கள் என்று சொல்லிக்கொள்கிறேன், எனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ வயது. ஓட்டுகிறவர் தலைக்கு மேலே இருக்கிற அந்தத் தகட்டை எல்லாரும் கண்ணாடி என்பார்கள். உண்மையில் அது பெர்ஸ்பெக்ஸ் என்கிற பிளாஸ்டிக். வருஷக்கணக்காக வெயிலில் கிடந்து மஞ்சள் ஏறி, முழுக்க நரம்பு நரம்பாக விரிந்து, போதாக்குறைக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் பளபளப்பாக்குகிறேன் என்று தின்னர் தொட்டுத் துடைத்துவைத்ததில் பார்வையே போய்விட்டது. அன்றைக்குப் பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பேசினார். பெர்ஸ்பெக்ஸுக்குப் பெட்ரோலும் ஆகாது, தின்னரும் ஆகாது. சோப்புத் தண்ணியும் கையும் போதும்.

மேகம் பார்த்துக்கொண்டே போகத்தான் கூரையில் கண்ணாடி என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பெரியப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே விரித்து இறக்கையாக்கி, அப்படியே இடது பக்கம் சாய்ந்து காட்டினார். "இறக்கை மேல இருக்கிற வண்டி கண்ணு இது. திரும்பறப்ப உள்பக்கத்து இறக்கை தாழ்ந்து, போற பக்கத்தையே மறைச்சிடும். அப்ப எதிர்ல இன்னொருத்தன் வரானான்னு எப்படிப் பார்ப்ப? கூரை வழியாத்தான்."

பழைய தகட்டைக் கழற்றியபோது வந்த திருகாணிகளையெல்லாம் க்யூட்டிகுரா பவுடர் டப்பாவில் போட்டு என் மடியில் வைத்தார்கள். பழுப்புக் காகிதம் ஒட்டி வந்த புதுத் தகட்டின்மேல் பழையதை வைத்துப் பென்சிலால் வரைந்து, பொடிப் பல் ரம்பத்தால் அறுக்க அறுக்க ஒரு இனிப்பு வாசனை வரும், அறுத்த தூள் பெரியப்பாவின் கைமுடியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். துளை போடுவதற்கு முன் டிரில் பிட்டின் கூர்முனையைச் சாணையில் தேய்த்து மழுங்கடித்தார். கூராக இருந்தால் கடித்து இழுத்து, வெளியே வருகிற இடத்தில் பிளந்துவிடுமாம். அடியில் ஒரு மரக்கட்டை, மேலே சொட்டுச் சொட்டாக சோப்புத் தண்ணி. தண்ணி ஊற்றுகிற உத்தியோகம் என்னுடையது; அதற்காக இரட்டைப் பின்னலை உச்சியில் முடிந்துகொண்டு உட்கார்ந்தேன்.

துளைகள் திருகாணியைவிடப் பெரிதாக இருந்தன. லொடலொட என்று ஆடுமே என்றேன். "ஆடணும். வெயில்ல இது வளரும்டி," என்றார். பிளாஸ்டிக் வளருமா என்று அன்று முழுக்க அந்தத் தகட்டைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாளில் கணக்குப் பார்த்தால் மனுஷர் சொன்னது சரிதான்: ஒரு மீட்டர் பெர்ஸ்பெக்ஸ், 20 டிகிரி சூடு கூடினால் 1.4 மில்லிமீட்டர் நீளும். அதைத் தாங்குகிற இரும்பு கால் மில்லிமீட்டர்கூட நீளாது. இறுக்கிப் பூட்டினால் நீள இடமில்லாமல் துளையோரம் விரிசல் விடும். அதனால் ஓரத்தில் ஃபெல்ட் பட்டை வைத்து, ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கிவிட்டு, கொஞ்சம் பின்னால் திருப்பித் தளர்த்துவார். தளர்த்துகிறபோது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். விரலில்தான் தெரியும் என்பார்.

காகிதத்தை உரிக்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. உரித்தால், அங்கே எதுவுமே இல்லாத மாதிரி இருந்தது. ஹேங்கர் உத்தரத்தில் உட்கார்ந்திருந்த மைனாவின் கண் மஞ்சள்கூடத் தெரிந்தது.

பறக்கவிட்டுப் பார்த்த அன்று இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் பெரியப்பாவும் ஏறிக்கொண்டார், எனக்கு அனுமதி இல்லை. பல்லாவரம் மலைப் பக்கம் போய் ஒரு சாய்ப்புச் சாய்ந்து திரும்பியதைத் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தேன். இறங்கியதும் ஓடிப்போய்க் கேட்டதற்கு, "கூரை வழியா கடல் தெரிஞ்சுதுடி," என்றார். கூரையில் எப்படிக் கடல் என்று நான் முழித்துக்கொண்டிருக்கும்போதே, "பக்கத்து ஜன்னல் வழியா நம்ம வீட்டு மொட்டைமாடி. உங்க பெரியம்மா வடாம் காயப் போட்டுட்டு, காக்கா ஓட்டாம தூங்கறா," என்றும் சொன்னார்.

சாயங்காலம் வீட்டிலும் அதையே சொல்லிவைத்தார். பெரியம்மா தட்டில் சோற்றைப் போட்டபடியே, "இதைப் பார்க்கத்தானா மாசக்கணக்கா கண்ணாடி மாத்தினீங்க?" என்றாள். அன்றைக்கு அவருக்கு வடாம் கிடையாது. எனக்கு இரண்டு விழுந்தது.