பன்னிரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி மிதிவண்டி

யானை வாங்கப் போகிறவன் அதன் தீனிக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்று எங்கள் தாத்தா அடிக்கடி சொல்வார். அவர் யானை வாங்கியதுமில்லை, வாங்க நினைத்ததுமில்லை. பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். கடந்த பருவ விடுமுறையில் சுங்கை பட்டாணியில் ஒரு மிதிவண்டிக் கடையின் கண்ணாடிக்கு முன் நான் நின்றபோது அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. கண்ணாடிக்கு உள்ளே யானை நின்றது. விலை 12,800 வெள்ளி.

அது எண்டுரோ வகை மலை மிதிவண்டி. அறியாத நண்பர்களுக்காகச் சிறு விளக்கம். எண்டுரோ என்பது மலைப் பாதைப் போட்டிகளில் ஒரு வகை. மேட்டில் ஏறும்போது நேரம் கணக்கிடப்படாது. குறித்த நேரத்துக்குள் அடுத்த தொடக்க இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். பள்ளத்தில் இறங்கும் பகுதிகளுக்கு மட்டுமே கடிகாரம் ஓடும். 2013-இல் இதற்கென உலகத் தொடர் ஒன்று தொடங்கியது. 2023 முதல் அது அனைத்துலக மிதிவண்டிச் சங்கத்தின் உலகக் கிண்ணப் போட்டிகளில் ஒன்றாகிவிட்டது. ஆகவே எண்டுரோ வண்டி ஏறவும் வேண்டும், கல்லும் வேரும் நிறைந்த சரிவில் அடங்காமல் இறங்கவும் வேண்டும். அதற்காக முன் ஃபோர்க்கும் பின் அதிர்வு தாங்கியும் அமுங்கி, சக்கரங்கள் 160, 170 மில்லிமீட்டர் வரை மேலெழ இடம் கொடுக்கும். முன்சக்கரம் மோட்டார் சைக்கிளைப் போல் முன்னால் தள்ளி நிற்கும். எடை ஏறத்தாழ 15 கிலோ. என்னிடம் இருந்ததோ பின்பக்கத்தில் அதிர்வு தாங்கி இல்லாத, முன்னால் மட்டும் 100 மில்லிமீட்டர் அமுங்கும் சாதாரண மலை மிதிவண்டி. நான்கு ஆண்டுகளுக்கு முன் 1,900 வெள்ளிக்கு வாங்கியது.

பணம் என்னிடம் இருந்தது. அதுதான் சிக்கலே! டிப்ளோமா முடித்துக் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு ஆண்டுகள் இரவு வேலை செய்தேன். அதில் மிச்சம் பிடித்தது 14,300 வெள்ளி. அதை நம்பித்தான் வேலையை விட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். கல்விக் கடன் கட்டணத்துக்குப் போய்விடும். சாப்பாடு, அறை வாடகை, கடைசி இரண்டு பருவங்களின் செலவு எல்லாம் இந்தச் சேமிப்பிலிருந்துதான். அம்மா இன்னும் துப்புரவு வேலைக்குப் போகிறார். அப்பாவுக்கு முழங்கால் வலி.

கடைக்காரர் நல்லவர். “மொத்தமா குடுக்க வேணாம் தம்பி. இருபத்து நாலு மாசம், வட்டி இல்லே. மாசம் 533 வெள்ளிதான்” என்றார். அந்தத் ‘தான்’ என்ற சொல்லில் மயங்கியபடியே வீட்டுக்கு வந்தேன்.

அன்றிரவு ஒரு தாளை எடுத்து எழுதினேன். வண்டி 12,800. நான்கு ஆண்டு ஓட்டிவிட்டு விற்றால் 4,800 கிடைக்கும் என்று வைத்துக்கொண்டேன். அதுவும் கீழே போட்டு உடைக்காமல் இருந்தால். ஆக, ஆண்டுக்கு 2,000 வெள்ளி தேய்மானம். அடுத்தது யானைத் தீனி. ஃபோர்க்கையும் அதிர்வு தாங்கியையும் ஏறத்தாழ 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றி எண்ணெய் மாற்றித் துடைக்க வேண்டும். நம் ஊர்ச் செம்மண்ணிலும் மழையிலும் அதைத் தள்ளிப்போட முடியாது. அதற்கு ஆண்டுக்கு 800. டயர், சங்கிலி, பிரேக் கட்டை இவற்றுக்கு 600. மொத்தம் ஆண்டுக்கு 3,400 வெள்ளி. ஒரு வாரம்கூடத் தவறாமல் 52 வாரமும் ஓட்டினால் ஒரு நாள் சவாரிக்கு 65 வெள்ளி 38 காசு.

இந்த எண்ணை எங்கோ பார்த்த நினைவு. 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை 26 வேலை நாளால் வகுத்துப் பாருங்கள். காசு பிசகாமல் அதே 65 வெள்ளி 38 காசு வருகிறது. என் அம்மா விடியற்காலை எழுந்து, பேருந்து பிடித்துப் போய், பகல் முழுவதும் தரை துடைத்து வாங்குகிற ஒரு நாள் கூலி, என் ஒரு காலை நேரச் சவாரி.

அதோடு நிற்கவில்லை. கைப்பேசியில் பதிவாகியிருந்த பழைய சவாரிகளை எண்ணினேன். 52 அல்ல. தேர்வு, மழை, தைப்பூசம், கல்யாணம், சோம்பல் எல்லாம் போக முந்தைய பன்னிரண்டு மாதத்தில் நான் ஓட்டியது 23 நாள். அப்படியானால் ஒரு சவாரிக்கு 148 வெள்ளி. இரண்டு நாள் கூலிக்கும் மேல்.

ஆனால் கணக்கு மட்டும் பேசினால் ஆசை அடங்கிவிடுமா? அடங்கவில்லை. அப்போதுதான் எங்களோடு ஓட்டும் அண்ணன் ஒருவர், “வாங்கறதுக்கு முன்னே ஒரு நாள் ஓட்டிப் பாருடா” என்று தம் எண்டுரோ வண்டியைக் கொடுத்தார். ஜெராய் மலையடிவாரத்துக்குப் போனோம். 1,217 மீட்டர் உயரமுள்ள மலை. கெடாவின் வயல்வெளியில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். சோழர் காலத்தில் கடாரத்துக்குக் கப்பலில் வந்தவர்களுக்கும் இதுவே அடையாளமாக இருந்ததாகச் சொல்வார்கள். மழை நாள்களில் நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை. 2021 ஆகஸ்டு 18 அன்று மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் யான் வட்டாரத்தில் உயிர்களைக் கொண்டுபோனதை யாரும் மறக்கவில்லை.

ஏறும்போது என் பழைய வண்டியே மேல் என்று தோன்றியது. மிதிக்க மிதிக்கச் சக்கரம் சேற்றில் ஒட்டியதுபோல் இருந்தது. இறங்கும்போது கதை மாறியது. வழக்கமாக நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போகும் ஒரு கற்சரிவு உண்டு. அண்ணன், “பிரேக்கைப் பிடிச்சுத் தொங்காதே, பார்வையைத் தூரமா வை” என்றார். வைத்தேன். கற்கள் காலுக்கடியில் ஓடின. கைக்கு எட்டியது மெல்லிய அதிர்ச்சிதான். கீழே வந்து நின்றபோது கை நடுங்கியது. பயத்தால் அல்ல. இன்னொரு முறை போக வேண்டும் என்ற வேகத்தால்.

அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த வண்டி அந்த விலைக்குத் தகும். அதில் உள்ள வேலைப்பாடு பொய்யில்லை. வாரந்தோறும் மலைச்சரிவில் இறங்குகிறவனுக்கு அது வீண் செலவும் இல்லை. அவன் எலும்பைக் காப்பாற்றும் செலவு.

மறுநாள் அதே வண்டியை எங்கள் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். அனுமதி கேட்டுக்கொண்டு நான் வழக்கமாக ஓட்டும் பாதை அது. செம்மண் சாலை, லோரித் தடம், சிறு மேடு, வாய்க்கால் ஓரம். அங்கே அந்த 170 மில்லிமீட்டருக்கு வேலையே இல்லை. கல்யாணப் பட்டு கட்டிக்கொண்டு களை பிடுங்கப் போனதுபோல் இருந்தது. என் 23 சவாரிகளில் 19 இந்தப் பாதையில்தான். மலைக்குப் போனது நான்கே முறை.

அன்று மாலை அப்பாவிடம் பேசினேன். விலையைச் சொன்னதும் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எத்தனை நாள் ஏறுவே?” என்று மட்டும் கேட்டார்.

பிறகு தம் கதையைச் சொன்னார். 1984-இல் அவர் ஒரு ராலி சைக்கிள் வாங்கினார். பீடோங்கில் சீனர் கடையில் தவணைக்கு. மாதம் 20 வெள்ளியாக 14 மாதம், மொத்தம் 280. விடிவதற்கு முன்னே பெரட்டுக்குப் போக, நிரைக்குப் போக, இரண்டு பக்கமும் பால் வாளியை மாட்டிக்கொண்டு ஸ்டோருக்கு வர, மாலையில் என் அக்காவைத் தமிழ்ப்பள்ளித் திடலுக்கு ஏற்றிப் போக என்று 19 ஆண்டுகள் ஓடியது. ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால், ஒரு நாளுக்கு 5 காசுகூட ஆகவில்லை!

“ஆனா தம்பி, அடுத்த வருசமே 320 வெள்ளிக்கு ஒரு ரேடியோ வாங்குனேன்” என்றார் சிரித்துக்கொண்டு. “சைக்கிளைவிட விலை. உன் பாட்டி ஒரு வாரம் என்கிட்டே பேசலே. சாயங்காலம் ஆனா லயமே நம்ம வாசல்லேதான் உக்காந்து பாட்டுக் கேக்கும். அதை நான் நட்டம்னு நெனச்சதில்லே. ஆசைக்குச் செலவு பண்றது தப்பில்லே. வாங்குனது மூலையிலே நிக்கக் கூடாது. அவ்ளோதான்.”

தோட்டத்துப் பிள்ளை பணக்காரன் விளையாட்டுக்கு ஆசைப்படலாமா என்ற கேள்விதான் என் மனத்தை அதுவரை அரித்துக்கொண்டிருந்தது. அப்பா அதைக் கேட்கவே இல்லை. எத்தனை நாள் என்றுதான் கேட்டார்.

யோசித்தால், மிதிவண்டிச் சக்கரத்துக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. 1888-இல் பெல்ஃபாஸ்டு நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். மிதிவண்டி மோகம் உலகைப் பிடித்தது. ரப்பர் தேவை ஏறியது. பின்னால் மோட்டார் வண்டி வந்தபோது அத்தேவை பன்மடங்கானது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் மலாயா முழுவதும் பரவின. அந்த மரங்களை வெட்டத்தான் நம் முன்னோர் கப்பல் ஏறினர். 1941 டிசம்பரில் ஜித்ராவிலிருந்து தெற்கே வந்த ஜப்பானியப் படையிலும் மிதிவண்டிகளே நிறைய. டயர் கிழிந்தபின் வெறும் இரும்பு வளையத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தார்களாம். தாத்தா அந்தச் சத்தத்தைச் சிறுவனாகக் கேட்டதாகச் சொல்வார். நமக்கு மிதிவண்டி எப்போதும் பிழைப்போடு சேர்ந்தே இருந்திருக்கிறது. விளையாட்டாக அதில் ஏறும் முதல் தலைமுறை நான்.

மூன்று நாள் யோசித்து முடிவெடுத்தேன். புது வண்டி வேண்டாம். 12,800 அப்படியே இருக்கட்டும். அதற்குப் பதில் பழைய வண்டிக்கு 1,650 வெள்ளி செலவழித்தேன். நல்ல பிரேக், கைப்பொத்தானை அழுத்தினால் இறங்கும் இருக்கைத் தண்டு, அகலமான டியூப் இல்லாத டயர்கள். கூடவே முழங்கால் கவசமும் ஒரு நல்ல தலைக்கவசமும். இதில் கவசங்களை மட்டும் விலை பார்க்காமல் வாங்கினேன். சரிவில் நான் தடுமாறியதற்குப் பாதிக் காரணம் வண்டி. மீதிப் பாதி என் பழக்கமின்மை. பழக்கத்தைக் கடையில் விற்பதில்லை.

டயர் மாட்டும்போது ஒன்று நடந்தது. டியூப் இல்லாத டயருக்குள் வெள்ளையாக ஒரு திரவம் ஊற்ற வேண்டும். முள் குத்தினால் அது ஓட்டையில் கசிந்து உறைந்து அடைத்துக்கொள்ளும். வாசலில் உட்கார்ந்து போத்தலைத் திறந்தேன். நாற்காலியில் இருந்த அப்பா மூக்கை உறிஞ்சி, “என்னா இது, அமோனியா வாசம் வருது?” என்றார். போத்தலை வாங்கினார். ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்தார். அது காய்ந்து நூலாகத் திரண்டது.

“இது நம்ம பாலுடா” என்றார்.

உண்மைதான். அந்தத் திரவம் ரப்பர்ப் பாலில் செய்தது. உறையாமல் இருக்க அமோனியா கலந்திருக்கிறார்கள், தோட்டத்து ஸ்டோரில் கலப்பதைப் போலவே. கால் லிட்டர் போத்தல் 45 வெள்ளி. அப்பா விலையைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு போத்தலை என்னிடம் கொடுக்காமல் தாமே டயரைப் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். எத்தனை ஆண்டு பழகிய கை அது!

இப்போது சமையலறை நாட்காட்டியில் நான் ஓட்டும் ஒவ்வொரு நாளையும் வட்டமிட்டு வருகிறேன். ஓர் ஆண்டில் 40 வட்டம் விழுந்தால், அதில் பாதியாவது மலையாக இருந்தால், படிப்பு முடிந்து வேலைக்குப் போனபின் பழைய எண்டுரோ வண்டி ஒன்றை யாரிடமாவது வாங்குவது பற்றி யோசிக்கலாம் என்பது எனக்கும் அப்பாவுக்கும் உள்ள ஒப்பந்தம். இதை எழுதும் நாளில் 17 வட்டம் விழுந்திருக்கிறது. ஆறு மலை. எண்ணிக்கை சரிதானா என்று வாரம் ஒருமுறை அப்பாவே சரிபார்க்கிறார்.