பனியன் துண்டில் கட்டிய கொடி

இங்கிலாந்தின் லெஸ்டரில் டிசம்பர் மாதம் காலை பதினொரு மணிக்குக்கூடச் சமையலறை விளக்கை அணைக்க முடியாது. வானம், கூரை, ரோடு எல்லாம் ஒரே சாம்பல். எங்கள் வீட்டுப் பின்புறம் ஆளுயரத்துக்கு மேல் ஒரு செங்கல் மதில் இருக்கிறது. வடக்குப் பார்த்த மதில். குளிர்காலம் முழுக்க அதன்மேல் வெயில் விழுவதில்லை. அந்த மதிலில்தான் இப்போது மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. ஓர் இலைகூட இல்லை. பச்சைக் குச்சியில் நேராகப் பூ.

இந்த மதிலில் நான் முதலில் ஏற்றியது இந்தக் கொடி அல்ல. அவரை.

திருப்பூரில் எங்கள் ஊரை 15 வேலம்பாளையம் என்று எண்ணோடு சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம். ஒரு பக்கம் அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளின் தட்டும் சத்தம், மறுபக்கம் பனியன் கம்பெனிகளின் ஓட்டம். நடுவில் எங்கள் வீட்டு வாசலில் அமுச்சியின் அவரைப் பந்தல். அமுச்சி என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டி. ஆடியில் விதை ஊன்றுவார். கார்த்திகை பிறந்ததும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூ எடுக்கும். மார்கழியில் கோலம் போடக் குனியும் அம்மாவின் தலையில் பனியோடு சேர்ந்து பூவும் உதிரும். கொடியைப் பந்தலோடு கட்ட அமுச்சி சணல் கயிற்றைத் தொடமாட்டார். "கயிறு தண்டை அறுத்துப்போடும் கண்ணு. பனியன் துண்டுன்னா கொடி பருக்கப் பருக்க இழுத்துக் குடுக்கும்" என்பார். கட்டிங் மேசையில் விழுந்த வேஸ்ட்தான் அந்தத் துண்டு. சிவப்பு, நீலம், கிளிப்பச்சை. பூ வருவதற்கு நாலு மாதம் முன்பே எங்கள் பந்தலுக்கு நிறம் வந்துவிடும்.

அந்த நிறங்களின் இன்னொரு முகத்தையும் பார்த்துத்தான் வளர்ந்தோம். வாய்க்காலில் சாயத் தண்ணீர் ஒரு நாள் ஊதாவாக ஓடும், மறுநாள் சிவப்பாக ஓடும். எங்கள் கிணறு உப்பேறியது. ஒரு வருசம் அவரை இலையின் ஓரமெல்லாம் கருகி, வந்த பூ அத்தனையும் பிஞ்சு பிடிக்காமல் கொட்டிவிட்டது. அதற்குப் பிறகு அமுச்சி கிணற்றுத் தண்ணீரைக் கொடிக்கு ஊற்றவில்லை. அரிசி களைந்த தண்ணீர், குழாயில் நல்ல தண்ணி வரும் நாளில் குடத்தில் மிச்சம் பிடித்தது, அவ்வளவுதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அமுச்சி உயிரோடு இல்லை. எங்கள் நொய்யல் ஆற்றை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. நிறத்தை விற்றுப் பிழைத்த ஊர், தன் ஆற்றின் நிறத்தைக் காப்பாற்றவில்லை.

லெஸ்டருக்கு வந்த முதல் வருசம், பெல்கிரேவ் ரோட்டில் ஒரு குஜராத்திக் கடையில் அவரை விதை கிடைத்தது. அவர்கள் பாப்டி என்பார்கள். மே மாதம் ஊன்றினேன். ஜூன், ஜூலையில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். கொடி பேய் வளர்ச்சி வளர்ந்து மதில் மேலேறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. பூ மட்டும் இல்லை. உரம் வைத்தேன், நுனி கிள்ளினேன், ஒன்றும் நடக்கவில்லை. செப்டம்பர் கடைசியில்தான் மொட்டுக் காம்பு நீண்டது. அக்டோபரில் ஒரே ஓர் இரவு உறைபனி. காலையில் போய்ப் பார்த்தால் வேகவைத்த கீரைபோல் கறுத்துத் தொங்கியது. மொட்டைத் தொட்டால் விரலில் நீராகக் கரைந்தது. அடுத்த வருசமும் அதேதான்.

போனில் அம்மாவிடம் சொன்னேன். "ராத்திரி நீண்டாத்தான கண்ணு அவரை பூக்கும்" என்றார், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. பந்தல் அவரை இரவை எண்ணிப் பூக்கும் கொடி. வேலம்பாளையத்தில் மிகக் குறுகிய பகல்கூட 11 மணி நேரத்துக்கு மேல் இருக்கும். இங்கே டிசம்பர் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. அவரை கேட்கும் நீண்ட இரவு இங்கே தாராளமாக உண்டு. ஆனால் அந்த இரவு வரும்போது கூடவே உறைபனியையும் கூட்டிக்கொண்டு வருகிறது. பகல் நீளத்தைப் பார்க்காமல் காய்க்கும் செடி அவரை ரகங்களைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. அது குத்துச்செடி. மதிலுக்கு எனக்கு வேண்டியது கொடி.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. யாரைப் பார்த்தாலும் 'மி டக்' என்பார். வாத்தே என்று கூப்பிடுவதுதான், எங்கள் ஊர்க் 'கண்ணு' மாதிரி. நான் திருப்பூர்க்காரன், என் அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடித்தவர் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் ஓவர்லாக்காரர். பதினைந்து வயதில் மில்லுக்குப் போனவர். லெஸ்டர் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் திருப்பூர். 1589ல் வில்லியம் லீ காலுறை பின்னும் தறியைக் கண்டுபிடித்த கால்வர்ட்டன், பக்கத்து மாவட்டமான நாட்டிங்காம்ஷயரில்தான் இருக்கிறது. நூற்றாண்டுகள் ஓடிய அந்தத் தொழில் இங்கே பெரும்பாலும் அடங்கிவிட்டது. பெரிய மில் கட்டடங்களின் சன்னல்கள் மட்டும் நிற்கின்றன.

கறுத்துப்போன அவரையை அவரும் பார்த்திருக்கிறார். மார்ச் மாதம் தன் தோட்டத்தில் தரையைத் தொட்டு வேர்விட்டிருந்த ஒரு குச்சியை வெட்டிக் கொடுத்தார். குளிர்கால மல்லிகை. கூடவே, கட்டுவதற்கு என்று பழைய நைலான் காலுறையை வளையம் வளையமாக வெட்டித் தந்தார். தண்டை அறுக்காது, இழுத்துக் கொடுக்கும் என்றார்.

நான் உள்ளே போய் என் பழைய பனியன் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தேன்.

இந்த மல்லிகைக்குச் சுற்றி ஏறத் தெரியாது. பற்றுக்கம்பி கிடையாது. கட்டினால் ஏறும், விட்டால் தரையில் சரியும். தண்டு நாலு பட்டையாக இருக்கும். இலை உதிர்ந்த பிறகும் பச்சை மாறாது. நவம்பரில் கணுவுக்குக் கணு செம்மை படர்ந்த மொட்டு வரும். விரிந்தால் ஆறு இதழ். கடும் உறைபனியில் விரிந்த பூ வாடிவிடும், மொட்டுகள் தப்பித்து அடுத்த வாரம் விரியும். போன வருசக் குச்சியில்தான் பூக்கும் என்பதால், பூ முடிந்த கையோடு வெட்டிவிட வேண்டும். ஆடி மாதத்தில் கத்தரி வைத்தால் அந்தக் குளிர்காலத்துப் பூவை வெட்டுகிறோம் என்று அர்த்தம்.

இதுவும் இந்த ஊர்க் கொடி அல்ல. சீனாவிலிருந்து 1844ல் ராபர்ட் பார்ச்சூன் இங்கிலாந்துக்கு அனுப்பியது. பின்னாளில் சீனத் தேயிலைச் செடிகளை இமயமலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். சீனாவில் இதன் பெயருக்கு வசந்தத்தை வரவேற்கும் பூ என்று பொருள்.

மதிலின் மறுகோடியில், காற்று படாத மூலையில், மத்தியதரைக்கடல் பக்கத்துக் குளிர்கால கிளெமாட்டிஸ் ஒன்றும் வைத்தேன். வெளிர் மணியாகத் தொங்கும், உள்ளே செம்புள்ளிகள். அது கோடையில் தூங்கும் கொடி. தெரியாமல், ஜூலையில் காய்ந்ததைப் பார்த்துச் செத்துவிட்டது என்று பிடுங்கிவிட்டேன். வேர் உயிரோடு இருந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. வேறொன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

அம்மா வாசல் தெளிக்கும்போது இங்கே நள்ளிரவு. எழுந்தால் போனில் அவரைப் பூ படம் வந்திருக்கும். பதிலுக்கு மதிலைப் படமெடுத்து அனுப்புவேன்.

"மல்லின்னு சொல்ற, மஞ்சளா இருக்குது. வாசம் இருக்குதா?"

"இல்லம்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "செரி உடு. அந்தக் குளிர்ல பூக்கறதே பெருசு. சாமிக்கு வெய்யி."

மொட்டுக் குச்சிகளை வெட்டிச் செம்புத் தண்ணீரில் போட்டால் வீட்டுச் சூட்டில் இரண்டு மூன்று நாளில் விரிகிறது. பொங்கலுக்கு முருகன் படத்துக்கு அதைத்தான் வைக்கிறேன்.

நேற்றிரவுக் காற்றில் ஒரு கிளை அவிழ்ந்து தொங்குகிறது. அலமாரியில் இன்னொரு திருப்பூர்ப் பனியன் கிழிந்து கிடக்கிறது. நாலு மணிக்குள் இருட்டிவிடும், அதற்குள் போய்க் கட்ட வேண்டும்.