கடல் தெரிகிற வாசல்

தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. முத்துக்கு மூழ்கிய எங்கள் அப்பா அதோடு சங்குக்கு மாறினார். "தொழில் மாறலாம்லே, கரை மாறக்கூடாது" என்பார். திரேஸ்புரத்தில் எங்கள் வாசலில் நின்றால் கடல் தெரியும். வீசுவது கொண்டலா கச்சானா என்று பார்த்த பிறகுதான் அவர் வாய் கொப்பளிக்கவே போவார்.

கரை மாறக்கூடாது என்ற அந்தப் பேச்சின் அருமை, எழுபதுகளில் நான் சென்னையில் வேலை பார்த்தபோது விளங்கியது. ஓலைக் குடிசைகள் அடிக்கடி தீப்பிடித்துச் சாம்பலான காலம் அது. 1970-இல் கலைஞர் ஆட்சி குடிசை மாற்று வாரியத்தை அமைத்தது. "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்ற அண்ணாவின் வாக்கே வாரியத்தின் முழக்கம். அது முதலில் கைவைத்த இடங்களில் ஒன்று, மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவேன். அடுக்குமாடிதான், ஆனால் படிக்கட்டுக் கைப்பிடியில் வலை தொங்கும், மொட்டைமாடியில் கருவாடு காயும், நடைவழிச் சுவரில் துடுப்பு சாய்ந்திருக்கும். வீடு என்னவோ சின்னதுதான். "இடம் பத்துதா பெரியவரே?" என்று ஒருவரிடம் கேட்டேன். "பத்தல தம்பி. ஆனா கடலப் பாக்காம தொழிலுக்கு எப்பிடிப் போறது?" என்றார். எங்கள் அப்பாவே பேசியது போல இருந்தது.

அந்தக் கரையில் நிலைத்திருக்க அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1985-இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காக அரசு கட்டுமரங்களை அகற்ற முனைந்தபோது, துப்பாக்கிச் சூடு வரை போய் உயிர்கள் பலியாயின. 2004-இல் சுனாமி. கடல் காற்றில் கம்பி துருப்பிடித்துப் பழைய கட்டடங்கள் உதிர, அதே கரையில் புதுக் குடியிருப்புகள் எழுந்தன. அப்படி அதே இடத்தில் கட்டியதைத்தான் வாரியம் செய்த நல்ல காரியங்களில் முதலாவதாகச் சொல்வேன்.

எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே குடியிருப்புகள் பெருகின. சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் பல குடும்பங்கள் செம்மஞ்சேரிக்குப் போயின. சுமார் 20 கிலோமீட்டர்! விடியுமுன் படகைத் தள்ள வேண்டியவன் எந்த பஸ்ஸைப் பிடிப்பான்? மயிலாப்பூரில் வீட்டு வேலை பார்த்த பெண்ணுக்குப் பாதிச் சம்பளம் பயணத்துக்கே சரியாகிவிடும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பாதியில் நிற்கும். கையில் சாவி இருக்கும், பிழைப்பு இருக்காது. இதை ஒரு நாளும் என்னால் ஏற்க முடிந்ததில்லை.

2021-இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. நல்ல பெயர். அடுத்த குடியிருப்புக்கு வரைபடம் போடும் என்ஜினீயர் தம்பிகளே, நிலம் எங்கே மலிவு என்று தேடுமுன், அந்த ஜனங்கள் காலையில் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று அவர்களிடமே ஒரு வார்த்தை கேளுங்கள்.