ஐம்பத்து நான்கு கிலோ

10 ஜூன் 2021, வியாழன்

கொரோனா ஊரடங்கில் கடை அடைத்து இன்றோடு பத்து நாள். கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் புறாக்களைத் தவிர நடமாட்டம் இல்லை. மாடியில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது: டிங்கோ சிங் போய்விட்டார். வயது 42. கல்லீரல் புற்றுநோய்.

மாமாவுக்கு போன் போட்டேன். "எந்த டிங்கோ?" என்றவர் சற்று யோசித்து, "நீ தராசில ஏறி நின்னியே, அந்தப் பாக்ஸிங் பையனா?" என்றார்.

அதே டிங்கோதான்.

1998 டிசம்பர். செப்டம்பரில்தான் இங்கே காமன்வெல்த் போட்டி நடந்து, சரவாக்கின் சப்போக் பிக்கி குத்துச்சண்டையில் தங்கம் வாங்கியிருந்தார். கடைப் பையன்களெல்லாம் சேலை மூட்டையைக் குத்திப் பழகிய நேரம். பேங்காக் ஆசியப் போட்டியில் 19 வயது மணிப்பூர்ப் பையன் ஒருவன், அரையிறுதியில் தாய்லாந்து வீரரை அவர் ஊரிலேயே சாய்த்தான். இறுதியில் உஸ்பெகிஸ்தானின் துல்யாகோவ் நாலாவது சுற்றோடு விலகிக்கொண்டார். 1982இல் கௌர் சிங் வாங்கியதற்குப் பிறகு இந்தியாவுக்கு ஆசியப் போட்டிக் குத்துச்சண்டையில் கிடைத்த முதல் தங்கம் அது. எடைப் பிரிவு 54 கிலோ என்று பத்திரிகையில் போட்டிருந்தது. ஊருக்கு அனுப்பும் பார்சலை நிறுக்கிற தராசில் ஏறி நின்றேன். முள் ஆடி ஆடி 54க்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. நோஞ்சான் என்று கூப்பிட்ட கடையில் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

12 ஜூன், சனி

பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை இல்லாத சனிக்கிழமை. டிங்கோவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். பேங்காக் அணியில் முதலில் பெயரே இல்லை. அந்த ஆத்திரத்தில் மூக்குமுட்டக் குடித்து மயங்கி விழுந்தாராம்.

தொழில்முறைக்குப் போயிருந்தால் காசு பார்த்திருப்பான் என்கிறார் மாமா. எனக்கு நம்பிக்கையில்லை. அந்தத் தொழிலில் காசு பார்ப்பவன் பெரும்பாலும் கயிற்றுக்கு வெளியே நிற்பவன். இவருக்குக் கிடைத்தது கடற்படை வேலை, பிறகு பயிற்சியாளர் பணி. பத்மஸ்ரீ வந்தது 2013இல், தங்கம் வென்று 15 ஆண்டு கழித்து. 2017இல் நோய் வந்தபோது வைத்தியத்துக்காக வீட்டை விற்றிருக்கிறார்.

2020 ஏப்ரலில் விமான ஆம்புலன்ஸில் டில்லிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது சாலை வழியே, 2,400 கிலோமீட்டர். ஊர் போய்ச் சேர்ந்தால் கொரோனா. அதே ஏப்ரலில் எங்கள் தெருவில் சிலாங்கூர் மேன்ஷனையும் மலாயன் மேன்ஷனையும் முள்கம்பி போட்டு அடைத்திருந்தார்கள். வியாபாரம் போச்சே என்று நான் புலம்பிய நாட்கள் அவை. அவர் கொரோனாவிலிருந்தும் எழுந்து வந்திருக்கிறார்.

டிங்கோவின் தங்கத்தைப் பார்த்துத்தான் மணிப்பூரில் ஒரு பெண் தடகளத்தை விட்டுக் கையுறை மாட்டினார். மேரி கோம். அடுத்த மாதம் டோக்கியோ ஒலிம்பிக்கில் இறங்குகிறார், 51 கிலோ பிரிவில். கடை திறந்திருந்தாலும் அன்றைக்குப் பூட்டிவிட்டுப் பார்ப்பேன்.