"கால் ஊனுதா, தாயி?"

பழைய பைக் வாங்கப் போகிறவர்கள் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். அவர் வண்டியைப் பார்த்துச் சொல்வார், ஒரு டீ குடிப்பார், கொடுப்பதை வாங்கிக்கொள்வார். புதுக்கோட்டையில் திருக்கோகர்ணம் போகிற வழியில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், வண்டியைப் பார்ப்பதற்கு முன் வாங்கப் போகிற ஆளைப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் அங்கே போனேன்.

ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். யமஹா ஆர்எக்ஸ் 100 புதிதாக இறங்கிய காலத்தில் ஸ்பானர் எடுத்துக்கொடுக்கும் பையனாகத் தொழிலுக்கு வந்தவர். முதல் வண்டி கேட்டு வருகிறவர்களிடம் அவர் விசாரிப்பது வேறு மாதிரி இருக்கிறது. தினம் எங்கிருந்து எங்கே போகணும், ரோடு எப்படி, பின்னால் யார் உட்காருவார்கள், என்ன சுமை ஏறும்? பிறகு பட்டறையில் நிற்கிற வண்டி ஒன்றில் ஏறி உட்காரச் சொல்கிறார். "கால் ஊனுதா?"

ஷோரூமில் முன்பணம், மாதத் தவணை என்றுதான் பேச்சு தொடங்கும். கால் ஊன்றுகிறதா என்று கேட்க அங்கே ஆளில்லை. ஆனால் புதிதாக ஓட்டுகிறவர்கள் விழுவது பெரும்பாலும் வேகத்தில் இல்லை, நிறுத்தும்போதும் திருப்பும்போதும்தான். ஸ்பிளெண்டர் பிளஸ்ஸின் இருக்கை உயரம் 785 மில்லிமீட்டர், எடை 112 கிலோ. கிளாசிக் 350-இன் உயரம் 805, எடை 195. உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர்தான் கூடுதல். வண்டி ஒருபக்கம் சாயும்போது ஒற்றைக் காலால் தாங்கிப் பிடிக்க வேண்டிய வண்டியின் எடையோ 83 கிலோ கூடுதல்.

நான் போயிருந்தபோது அன்னவாசல் பக்கமிருந்து ஒரு பெண் அம்மாவோடு வந்திருந்தார். மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவர் வேலை. உறைவிந்துக் குச்சிகள் இருக்கும் நைட்ரஜன் கேனை ஊர் ஊராக எடுத்துப் போக வேண்டும். உள்ளே மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். கேன் சாயக் கூடாது. அதுவரை அண்ணனுடைய ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார். கால் வைக்கிற இடத்தில் கேன் வசதியாக நிற்கும்தான். ஆனால் கல்குவாரி லாரிகள் ஓடி ஓடிக் குழி விழுந்த ரோட்டில் 10, 12 அங்குலச் சக்கரம் இறங்கி ஏறுவதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது. ஸ்பிளெண்டரின் சக்கரம் 18 அங்குலம். கேனைப் பின்னால் கேரியர் அடித்துக் கட்டிக்கொள்ளலாம் என்றார் மெக்கானிக்.

"பொம்பளப் புள்ளைக்கு கியர் வண்டி எதுக்குன்னு ஊர்ல கேக்குறாங்கண்ணே" என்றார் அந்தப் பெண்.

பதில் அம்மாவிடமிருந்து வந்தது. "நான் சைக்கிள் கத்துக்கிட்டப்பவும் இதேதான் கேட்டாங்க. அதுவும் பார் வச்ச சைக்கிள்."

1990களின் தொடக்கத்தில், ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்திய அறிவொளி இயக்கம், இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. விவசாயக் கூலிகள், குவாரித் தொழிலாளிகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் ஆண்கள் சைக்கிளை எடுத்தவர்கள், குழந்தையை முன்னால் பாரில் உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பவும் செய்தார்கள். தனக்கு எது தோது என்று அவர்களே முடிவு செய்தது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. மகள் இப்போது செய்வதும் அதைத்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, பழைய வண்டி விற்கும் ஒரு கன்சல்டிங் கடையில் வண்டி பார்க்கப் போனார்கள். நானும் கூடப் போனேன். அந்நேரத்துக்குப் போவதற்குக் காரணம் உண்டு. சூடேறிய என்ஜின் சட்டென்று ஸ்டார்ட் ஆகிக் குறையை மறைத்துவிடும். மெக்கானிக் முதலில் புறங்கையால் என்ஜின் பிளாக்கைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது. சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். காய்ந்த கரி என்றால் பயமில்லை. பிசுபிசுப்பாக வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. பின் பல்சக்கரத்தில் செயினைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயின் செட் போய்விட்டது என்று பொருள். பிறகு சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கடைப் பையனைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்கவைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஹேண்டில்பாரை இடவலமாக மெதுவாகத் திருப்பினார். நடுவில் வந்ததும் கை நின்றது. "இங்க வச்சுத் திருப்பு தாயி" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடிக்கவைத்தார். நேராக வரும் இடத்தில் லேசாக ஒரு கடுக், எனக்கும் தெரிந்தது. கோன் செட் தேய்ந்திருக்கிறது. நேர்ரோட்டில் வண்டி அலையும்.

டயரில் அச்சடித்திருந்த நான்கு எண்ணைப் படிக்கச் சொன்னார்: 2318. அதாவது 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் நன்றாகவே இருந்தது, ரப்பர் கெட்டிப்பட்டுவிட்டது. டயர் இரண்டுக்கும் கோன் செட்டுக்கும் கழித்து விலை பேசினார். டிஎன் 55, உள்ளூர் வண்டி. ஆர்சியில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்ததால் என்ஓசியும் படிவம் 35-உம் கைக்கு வராமல் பணம் தரக் கூடாது என்றும், 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பெயரை உடனே மாற்றிவிட வேண்டும் என்றும் சொன்னார். கடைகளில் கமிஷன் வாங்கிக்கொள்ளும் மெக்கானிக்குகளும் உண்டு. இவர் வாங்குவதில்லை. வாங்கினால் அடுத்த தடவை வாய் திறக்க முடியாதாம்.

அன்று மாலை பட்டறைக்கு பதினெட்டு வயதுப் பையன் ஒருவனை அவன் அப்பா அழைத்து வந்தார். பையனுக்கு இருநூறு சிசிதான் வேண்டும். மெக்கானிக் மறுத்துப் பேசவில்லை. சர்வீஸுக்கு வந்திருந்த அப்படியொரு வண்டியை என்ஜின் போடாமல் பட்டறைச் சரிவில் பின்பக்கமாகத் தள்ளி ஏற்றச் சொன்னார். பாதியில் அவனுக்குக் கை நடுங்கியது. "ஒரு வருசம் சின்னதை ஓட்டு தம்பி, அப்பறம் நானே கூட வந்து இதை வாங்கித் தர்றேன்." பின்சக்கரத்துச் சேலை கார்டைக் கழற்றித் தருவீர்களா என்று பையன் கேட்டதற்கு மட்டும் கோபம் வந்தது. பின்னால் உட்காருகிறவரின் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியாவது மறைந்திருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123.

ஒரு விஷயத்தில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. யார் கேட்டாலும் அவர் மனம் பழைய நூறு சிசியிலேயே நிற்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். திருச்சி நெடுஞ்சாலையில் தினமும் போய் வரும் ஒருவருக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்குக்காகவே ஒரு 150 சிசி தகும். அப்படியே சொன்னேன். "ஹைவேக்காரவுகளுக்குச் சரி" என்று அந்த அளவுக்கு ஒப்புக்கொண்டார்.

வண்டி ஓட்டப் பழக்கிவிடுவதும் அவர்தான். அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. கார் ஓட்டக் கற்க டிரைவிங் ஸ்கூல் போகிற நாம், பைக்கை அண்ணனிடமோ நண்பனிடமோ அரைகுறையாகக் கற்றுக்கொள்கிறோம். ஆர்டிஓ ஆபீஸில் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டால் உரிமம் வந்துவிடும். அந்த எட்டுக்கும் லாரி ஓடும் சாலைக்கும் நடுவே ஒரு புதியவர் கற்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த மாதிரிப் பட்டறைக்காரர்கள்தான். இதை ஒரு தொழிலாக மதித்துக் கூலி கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அவரிடம் வேலை பழகும் பையன்களே இப்போது குறைந்துவிட்டார்கள்.

கற்றுக்கொடுக்கும் முறை நிதானமானது. முதலில் என்ஜின் போடாமல் தள்ளிப் பழக்கம். பிறகு முதல் கியரில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் விட்டு வண்டியை ஊர்ந்து போகவிடுவது. "எந்த எடத்துல புடிக்குதுன்னு விரலுக்குத் தெரியணும், கண்ணுக்கு வேணாம்." அப்புறம் பிரேக். முன்பிரேக்கைப் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று புதியவர்கள் அதைத் தொடுவதே இல்லை. பிரேக் பிடிக்கையில் பாரம் முன்சக்கரத்துக்குப் போவதால் வண்டியை நிறுத்தும் பலம் அதற்குத்தான் அதிகம். இரண்டையும் சேர்த்து, முதலில் காய்ந்த தார் ரோட்டில், பிறகு சரளையில் மிக மெதுவாகப் பிடிக்கவைக்கிறார்.

அந்தப் பெண்ணிடம் கியரில்லா வண்டிக்கான உரிமம் மட்டுமே இருந்ததால், கியர் வண்டிக்குப் புதிதாக எல்எல்ஆர் போட்டு, வாங்கிய வண்டியில் சிவப்பு எழுத்தில் எல் போர்டு ஒட்டியிருக்கிறார். முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்ட். தைலமரக் காட்டோரம் இருக்கும் பொட்டலில் இப்போது தினமும் பழகுகிறார். எட்டு வந்துவிட்டது. கேரியரில் தண்ணீர் நிரப்பிய பழைய பால் கேனைக் கட்டிவிட்டு அதே எட்டை மறுபடி போடச் சொன்னார் மெக்கானிக். தண்ணீர் அலம்பியது, வண்டி வளைவில் தள்ளாடியது, பெண் காலை ஊன்றிவிட்டார். "டெஸ்டுக்கு இது தேவையில்லையேண்ணே?"

"ஊசி போடப் போறப்ப தேவைப்படும். கேனை இன்னும் ரெண்டு இஞ்சு முன்னால தள்ளிக் கட்டுறேன், திரும்ப வா."